நாற்பதாவது நாற்காலி

அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும்: வளங்குன்றா வளர்ச்சிக்கான வாழ்நாள் கல்வி வட்டார வலையமைப்பு. பெயர்ப் பலகை வாசலைவிட அகலம். ஆறு ஊர்களின் பள்ளிகளும் சங்கங்களும் அதில் உறுப்பினர்கள். மனிதன் சாகும்வரை கற்க வேண்டும், கற்றதைக் கொண்டு மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்பது கொள்கை. கொள்கைக்கு ஒரு குறையும் இல்லை. பீரோ நிறைய இருந்தது.

அங்கே கோப்பு தூக்கி, தேநீர் கொடுத்து வந்தவரை எல்லாரும் ‘ஆஜர்’ என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் நாற்பது கையெழுத்து வேண்டும். ஆள் குறையும்போதெல்லாம் காலி நாற்காலியில் இவரை உட்காரவைப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தார். அவர் செய்த ஒரே பிழை, காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான்.

“இன்னைக்கு என்ன வகுப்பு?” என்பாள் மனைவி.

“மண்புழு உரம்.”

“வீட்டுக்குள்ள ஒரு புழு வந்தாலும் நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்.”

புழு வந்தது. அவள் போகவில்லை. கத்தரிச்செடி காய்த்தபோது, தான்தான் வளர்த்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

ஒரு கோடையில் நீர்ச் சிக்கனம் பற்றி மூன்று நாள் பயிலரங்கு. மேடையில் நிபுணர் ஒவ்வொரு சொட்டும் உயிர் என்று உருகிக்கொண்டிருக்க, பின்சுவரில் மொட்டைமாடித் தொட்டி வழிந்து அருவியாகக் கொட்டியது. தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்தும் மிதவை வால்வு உடைந்து இரண்டு ஆண்டுகள். அதற்கான கோப்பு நல்ல ஆரோக்கியத்துடன் மேசை மேசையாக நடமாடிக்கொண்டிருந்தது.

நிபுணர், “அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா?” என்றார். ஜன்னலைச் சாத்தினார்கள்.

ஆஜருக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் கடைக்கு ஓடினார், வால்வு வாங்கினார், மாடியேறினார். போன மாதப் பயிற்சியில் காட்டியபடியே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சட்டை தொப்பலாக நனைந்தது. இரண்டாம் அமர்வுக்குள் அருவி நின்றுவிட்டது.

மறுநாள் மேலாளர் ஒரு காகிதத்தை நீட்டினார். அனுமதியின்றி அலுவலகச் சொத்தில் கை வைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தது.

“சார், நம்ம வகுப்புலதானே சொல்லிக் குடுத்தாங்க?”

“கத்துக்கத்தான்யா சொன்னாங்க. செய்யச் சொன்னாங்களா?”

ஆஜர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பயிலரங்கின் கடைசி நாள் தலைமையகத்திலிருந்து ஓர் அம்மையார் மதிப்பீட்டுக்கு வந்தார். “இங்க கத்துக்கிட்டதால மாறின ஒரு விஷயம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க,” என்றார். முப்பத்தொன்பது பேரும் தங்கள் செருப்பை ஆராய்ந்தார்கள். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். வலையமைப்பின் இயக்குநர் அம்மாவுக்குத்தான் சட்டென்று பொறி தட்டியது.

“நம்ம ஆஜர் இருக்காரே! தொட்டியையே சரி பண்ணிட்டார். எங்க முழு ஊக்கத்தோட!”

எல்லாரும் மாடியேறினார்கள். ஆஜர் தொட்டிக்குள் முழங்கைவரை கைவிட்டு வால்வைக் காட்டினார். தொட்டியோடு ஆஜரையும், ஆஜரோடு மேலாளரையும் படம் எடுத்தார்கள். விளக்கம் கேட்ட காகிதம் ஆஜரின் சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது. அன்று மாலையே அதற்குப் பதில் எழுதினார்: ‘கற்றதைத் தெரியாமல் செய்துவிட்டேன். இனி அவ்வாறு நடக்காது.’ மன்னித்துவிட்டார்கள். பெரிய மனசு.

அதோடு விட்டார்களா? அடுத்த மாதம் ஆறு ஊர் மாநாட்டில் அவரைப் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடம் என்றார்கள். வரவேற்புரைகள் நீண்டதால் அது இரண்டு நிமிடமானது. அதிலும் ஒன்றை ஒலிபெருக்கி விழுங்கியது. வியர்த்துப்போய் இறங்கி வந்து கைகழுவும் இடத்தில் முகம் கழுவினார்.

“அண்ணே, அந்த வால்வு என்ன அளவு?”

கேட்டவள் வேறோர் ஊரின் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குபவள். அங்கும் தொட்டி வழிகிறதாம். தினமும் அவள்தான் துடைக்கிறாளாம். ஆஜர் அழைப்பிதழின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். அவளுடன் வந்த காவலாளி எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் ஒருவர், “எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க,” என்றார். உள்ளே ‘வலையமைப்பை வலுப்படுத்தும் வழிகள்’ என்ற அமர்வு நடந்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, தண்ணி நின்னுடுச்சு! ஆனா எங்க ஆபீசர் திட்டறார். அந்தச் சத்தத்துலதான் மத்தியானம் நல்லாத் தூங்குவாராம்.”

ஆஜர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் ஓய்வு பெறுவதற்குள் ஆறு ஊர்களிலும் தொட்டிகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. ஆண்டறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதிலிருந்தது மேலாளரின் படம். ஓரத்தில் யாரோ ஒருவருடைய ஈரமான முழங்கை தெரிந்தது.

வழியனுப்பு விழாவில் இயக்குநர் அம்மா, “வாழ்நாள் முழுக்கக் கத்துக்கிட்டே இருங்க,” என்று வாழ்த்தினார்.

“சரிங்கம்மா. போன் வருது, பேசிட்டு வந்துடறேன்,” என்று ஆஜர் எழுந்து வெளியே போனார். கூப்பிட்டது மாநாட்டில் படத்தை எட்டிப் பார்த்த அந்தக் காவலாளி, குழாயில் காற்று அடைத்துக்கொண்டதாம்.