தன் தப்பைத் தானே சொன்னவர்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். ஒருமுறை, அங்கிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷின் ஒரு வாரமாக நகரவே மாட்டேன் என்றது. சேத்தூரிலிருந்து வந்து டைப் செய்த பெண் எதையோ தப்பாக அமுக்கியிருப்பாள் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் அவளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

அன்று மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சர்வீஸ் என்ஜினியர் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர். திரையில் வரும் எண்களை முணுமுணுத்தபடியே படிப்பது அவர் வழக்கம். நடந்ததைச் சொல்லி, ஓடும் புரோகிராம்களைக் காட்டும் 'பி.எஸ்.' கட்டளை தந்த பட்டியலைக் காட்டினேன்.

"இது போட்டோ மாதிரி சார். அந்த நேரத்துல என்னென்ன ஓடுச்சுன்னு தெரியும், அம்புட்டுதான். எது மெஷினைத் தின்னுதுன்னு பாக்கணும்னா 'டாப்' போட்டுச் செத்த நேரம் கவனிக்கணும்," என்றார்.

'டாப்' ஓடியது. எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. முதல் வரியில் மட்டும் ஒரே புரோகிராம். அவருடைய முணுமுணுப்பு நின்றது.

"இது நான் ஓட விட்டது சார். போன வாரம் வந்தப்ப டெஸ்டுக்குப் போட்டேன். நிறுத்தாமப் போயிருக்கேன்."

அதை நிறுத்த அவர் 'கில்' கட்டளை கொடுத்ததும் மெஷின் வேகமெடுத்தது.

"யாருக்கும் தெரியாது சார், விட்டுருங்க," என்றேன்.

"அந்தப் பொண்ணுக்கு வேலை போகுதுல்லா?" என்றவர் நேராக மேனேஜர் அறைக்குள் போனார்.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். அடுத்த மாதம் சர்வீசுக்கு வேறு ஒருவர் வந்தார். தன் தப்பை அந்த என்ஜினியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்; அவள் மேல் பழி போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.