எட்டுக் குழியும் இரண்டு விண்டோவும்

போன வாரம் இந்தப் பகுதி வரவில்லை. ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்கு நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விஷயம்தான் வந்து நின்றது — அதை எழுதப் பயமாக இருந்தது. வேறு எதையாவது எழுதித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். வரிக்கு வரி அதுவே எட்டிப் பார்த்தது.

சரி, சொல்லிவிடுகிறேன்.

மன்னார்குடியில் இளவரசன் அண்ணன் உரக்கடை வைத்திருக்கிறார். என் அக்காவோடு விவசாயக் கல்லூரியில் படித்தவர். பயிருக்கு அடிக்கிற மருந்துகளும் விற்கிறார். வருகிறவர்கள் சட்டைப் பையிலிருந்து நோய் பிடித்த இலையை எடுத்துக் காட்டுவார்கள். அவர் பார்த்து, இன்ன மருந்து, இத்தனை மில்லி என்று எழுதிக் கொடுப்பார். அவர் வெளியே போய்விட்டால் கடையில் வேலை நின்றுவிடும்.

இந்த இடத்தில் நான் மூக்கை நுழைத்தேன். "அண்ணே, இதுக்கு ஒரு சாஃப்ட்வேர் பண்ணித் தரேன். பத்து நாள் போதும்."

யாராவது கேட்டார்களா? இல்லை. படித்துவிட்டுக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத வியாதி எனக்கு.

சாஃப்ட்வேர் ரொம்ப எளிது. இரண்டே விண்டோ. முதல் விண்டோவில் விவசாயியின் பெயர், ஊர், போன் நம்பர், என்ன பிரச்சினை என்று ஒரு கட்டம், கீழே பிரிண்ட் பட்டன். இரண்டாவது விண்டோவில் பன்னிரண்டு போட்டோ — புகையான், குலை நோய், இலைச்சுருட்டுப் புழு, வரப்புக் களை என்று. விவசாயி தன் வயலில் இருப்பது எது என்று தொட்டுக் காட்டுவார். கவுன்டரில் இருக்கும் மங்கை அக்கா அதைக் கிளிக் செய்தால், இரண்டாவது விண்டோ முதல் விண்டோவுக்குச் சேதி சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். கட்டத்தில் பெயர் விழும். பிரிண்ட் கொடுத்தால் பின்னால் இருக்கும் கிடங்கில் சீட்டு வரும். அங்கே இருப்பவர் சீட்டைப் பார்த்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். அழகாக இல்லை?

என் லேப்டாப்பில் அழகாகத்தான் இருந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் போட்ட அன்று காலை இரண்டாவது விண்டோ திறந்தது. பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள்.

மங்கை அக்கா சாய்ந்து பார்த்தார். "ஏம்மா, பன்னண்டு வெள்ளத்தாள ஒட்டி வச்சிருக்கே? இதுல எது புழு, எது பூஞ்சை?"

"ஒரு நிமிஷம்க்கா."

"நீ வந்ததுலேர்ந்து ஒரு நிமிஷம்தான் சொல்ற."

காரணம் சின்னது. போட்டோக்கள் என் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் கிடந்தன. சாஃப்ட்வேர் அந்த ஃபோல்டரைத் தேடிக் கடைக் கம்ப்யூட்டருக்குள் அலைந்திருக்கிறது. அங்கே எப்படி இருக்கும்? வெளியூருக்குக் கிளம்பும்போது சாப்பாட்டை வீட்டு அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்த கதை. இதற்கு வழி, படங்களை சாஃப்ட்வேருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது. ஒரே ஃபைல், எங்கே கொண்டுபோனாலும் படம் கூடவே வரும். ஆனால் உள்ளே இருக்கும் படத்தை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வராது. என்ன தப்பு என்றும் சொல்லாது, கையை விரித்துவிடும். நான்கு தடவை விரித்தது.

அதற்குள் கடையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவருக்கு வரப்புப் புல்லுக்கு மருந்து வேண்டும். மங்கை அக்கா காத்திருக்காமல் முதல் விண்டோவின் கட்டத்தில் 'வரப்புக் களை' என்று தானே டைப் அடித்துச் சீட்டுப் போட்டார். நான் பக்கத்து ஸ்டூலில் மடியில் லேப்டாப்போடு இரண்டாவது விண்டோவை முழுக்கப் பிய்த்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வேர்த்துக் கீபோர்டு வழுக்கியது.

ஐந்தாவது முயற்சியில் படங்கள் வந்தன. பன்னிரண்டும். நான் எதைச் சோதித்தேன் என்று கேளுங்கள். படம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. அவ்வளவுதான். அப்படியே கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். 'வரப்புக் களை' விழுந்த முதல் விண்டோ திறந்தபடியே இருக்க வேண்டும், அக்காவின் வேலை கெடக்கூடாது என்று இரண்டாவதை மட்டும் மாற்றினேன். அந்தச் சாமர்த்தியம் வேறு.

அடுத்து வந்தவர் தட்சிணாமூர்த்தி ஐயா. நன்னிலம் பக்கத்துக் கிராமம். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் மன்னார்குடி. மகளைப் பார்க்க வந்த இடத்தில் மருந்தும் வாங்கிப் போக வந்திருந்தார். பிளாஸ்டிக் கவரில் நான்கு சம்பா இலை.

"ஐயா, இந்தப் படத்துல எது மாதிரி இருக்குன்னு பாருங்க," என்றார் மங்கை அக்கா.

"எல்லாமே என் வயல் மாதிரிதான் இருக்கு."

சிரித்தோம். பிறகு அவர் சரியாகவே தொட்டார் — இலைச்சுருட்டுப் புழு. அக்கா கிளிக் செய்தார். விண்டோ மூடிக்கொண்டது.

"போன் நம்பர் சொல்லுங்க."

"மவன் நம்பர எழுதிக்க. சிங்கப்பூர்ல இருக்கான்."

"உங்க நம்பர் இல்லீங்களா?"

"என் நம்பர் எதுக்கு? கேஸ் புக் பண்றது, பேங்க்கு, எல்லாம் அவன் நம்பர்தான். அவன் பாத்துக்குவான்."

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். மாடு வளர்க்கிற வீட்டுக்கும் போன் நம்பர் வெளிநாட்டில் இருக்கும். அது தெரிந்துதான் வெளிநாட்டு நம்பரையும் ஏற்கும்படி அந்தக் கட்டத்தைச் செய்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை.

ஐயா கிடங்குப் பக்கம் போய் மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவருக்குப் பிறகு ஒரு பெண் வந்தார், அதே புழு. அதற்குப் பிறகு இன்னொருவர். நான் ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், வெற்றி பெற்றவள் மாதிரி. மணி பன்னிரண்டே கால் இருக்கும். கிடங்கிலிருந்து குரல் வந்தது.

"யக்கா, இன்னைக்கி என்ன, வர்றவங்க எல்லாரும் வரப்புக்கே வாங்குறாங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

திரையைப் பார்த்தேன். பிரச்சினைக் கட்டத்தில் 'வரப்புக் களை' என்று இருந்தது. காலையில் அக்கா டைப் அடித்தது, அப்படியே. பெயரும் ஊரும் மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன.

என்ன நடந்தது என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டாவது விண்டோ சேதி சொல்ல வேண்டியது திறந்திருக்கும் முதல் விண்டோவுக்கு. பழையபடி எழுதியிருந்தால் சரியாகச் சொல்லியிருக்கும். அவசரத்தில் திருப்பி எழுதியபோது நான் 'புதிதாக ஒரு முதல் விண்டோ' என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு கிளிக்குக்கும் கம்ப்யூட்டர் அச்சு அசலாக இன்னொரு முதல் விண்டோவை உருவாக்கி, அதனிடம் 'இலைச்சுருட்டுப் புழு' என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. அந்த விண்டோ திரைக்கு வரவேயில்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தப்பே நடக்கவில்லை. சொன்ன வேலையைச் செய்துவிட்டது.

கடைசியாக வந்தவர் கிடங்கு வாசலிலேயே நின்றார். நடுவில் வந்த பெண் உள்ளூர். மங்கை அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடித் தேரடியில் பிடித்துவிட்டார். மிச்சம் தட்சிணாமூர்த்தி ஐயா.

வரப்புப் புல்லுக்கு அடிக்கிற அந்த மருந்து புல், நெல் என்று பார்க்காது. பச்சையாக இருந்தால் போதும், காய வைத்துவிடும். அவருக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். பயிரெல்லாம் தூர் கட்டி நிற்கிற நேரம். வெளியே மேகம் மூடியிருந்தது. வெயில் இருந்தால் சாயங்காலம்தான் அடிப்பார்கள். மேகம் போட்டால் மழைக்கு முன்னால் முடிக்க நேரே வயலுக்குப் போவார்கள்.

சிங்கப்பூர் நம்பரைப் போட்டேன். எடுத்தார்கள்.

"ஹலோ, நீங்க தட்சிணாமூர்த்தி ஐயா பையன்தானே? உங்கப்பா நம்பர் உடனே வேணும். ரொம்ப அவசரம். இப்பவே சொல்லுங்க."

"நீங்க யாரு?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன், முதல்ல நம்பர்—"

"ஓடிபி வந்தா அதையும் சொல்லணுமா? வேற ஆளப் பாருங்க."

கட். மறுபடி கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை. பிளாக் செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நான் பேசியது சரியாக ஒரு மோசடிக்காரி பேசுகிற மாதிரியே இருந்தது. மோசடிக்காரிகள் இன்னும் நிதானமாகப் பேசுவார்கள்.

இளவரசன் அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தார். விஷயத்தை எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவர் திட்டவில்லை, வண்டிச் சாவியை எடுத்தார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து அவருடைய போனிலிருந்து அந்த நம்பரை விடாமல் போட்டுக்கொண்டே போனேன். எடுக்கவில்லை. வேலையில் இருப்பார். கொரடாச்சேரி தாண்டும்போது எடுத்தார். வண்டியை ஓரம் கட்டி அண்ணனே வாங்கிப் பேசினார்.

"தம்பி, மன்னார்குடி உரக்கடை. உங்கப்பா காலையில உங்க தங்கச்சி வீட்டுக்கு வந்துட்டு, கடைக்கு வந்து மருந்து வாங்கினாரு. மருந்த மாத்திக் குடுத்துட்டோம். அடிச்சா பயிரு போயிரும். உங்களுக்குச் சந்தேகம்னா தங்கச்சியக் கேட்டுட்டு வாங்க, ஆனா சீக்கிரம்."

இந்தத் தடவை அவர் கட் செய்யவில்லை.

"அப்பா வயலுக்குப் போறப்ப செல்ல எடுத்துட்டுப் போவமாட்டாருண்ணே, நனைஞ்சிரும்னு. அம்மாவுக்குப் போடுறேன்."

"ஏற்கெனவே அடிச்சிருந்தா, உடனே நல்ல தண்ணிய வச்சு இலையக் கழுவி அடிக்கச் சொல்லுங்க."

மறுபடி வண்டி. வழியெல்லாம் இரண்டு பக்கமும் பச்சை. அவ்வளவு பச்சையை அத்தனை பயத்தோடு நான் பார்த்ததில்லை. மன்னார்குடியில் தொட்டுக் காட்டிய ஒரு படம், சிங்கப்பூர் போய், நன்னிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஓர் அம்மாவின் காலில் வரப்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

நாங்கள் போனபோது அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மனைவி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். ஐயா ஸ்பிரேயரைக் கழற்றி வைத்திருந்தார்.

"எவ்வளவு அடிச்சீங்க ஐயா?"

"பாதி டேங்க்கு. இவ கத்திக்கிட்டே ஓடியாந்தா. யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"நீங்க நின்னாத்தானே? நான் கத்த கத்த அடிச்சுக்கிட்டே போறாரு," என்றார் அந்த அம்மா.

எட்டுக் குழி. உங்கள் கணக்குக்கு அரை கிரவுண்டில் கொஞ்சம் குறைவு. மூலையில் மோட்டார் கொட்டகையை ஒட்டி. நாங்கள் போவதற்குள் ஒரு தடவை தண்ணீர் அடித்திருந்தார். இன்னும் இரண்டு தடவை அடித்தோம். அன்று சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது. மழை மருந்தைக் கழுவிவிடும் என்று நான் நம்பினேன். அண்ணனைக் கேட்டேன். "பாக்கலாம்," என்றார். அவர் பாக்கலாம் என்றால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

நான்கு நாள் அந்த அம்மா போனில் படம் அனுப்பினார். பச்சை. பச்சை. பச்சை. நான் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, இலை நுனியில் மஞ்சள் இருக்கிறதா, வெயிலா என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். ஐந்தாம் நாள் சந்தேகமே இல்லை. எட்டுக் குழியும் வைக்கோல் நிறம்.

இப்போது இரண்டாவது விண்டோ சரியான விண்டோவிடம்தான் பேசுகிறது. சீட்டில் படமும் விழுகிறது. பிரிண்டர் மங்கை அக்காவின் கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் பார்த்து, விவசாயியும் பார்த்த பிறகுதான் கிடங்குக்குப் போகும். இது அக்கா போட்ட சட்டம். நான் எழுதிய எந்த வரியையும்விட உருப்படியானது. எட்டுக் குழிக்கான விளைச்சலை நானும் அண்ணனும் பங்கு போட்டுக் கொடுப்பதாகப் பேசி முடித்தோம். சுலபமான பகுதி அதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போயிருந்தேன். சுற்றிலும் பயிர் இடுப்புக்கு வருகிறது. அந்த மூலை மட்டும் ரோட்டிலிருந்தே தெரிகிறது. பஸ்ஸில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஐயா தேங்காய்ப் பத்தையும் வெல்லமும் கொடுத்தார். கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"ஊர்ல எல்லாரும் கேக்குறானுங்க, என்ன மூர்த்தி, அந்த மூலையில மட்டும் இப்புடின்னு. கம்ப்யூட்டர் மாத்திக் குடுத்துருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"கம்ப்யூட்டர் இல்லீங்கய்யா. நான்தான்."

"அது எனக்குத் தெரியும்மா. நீ படிச்சுட்டு இப்பத்தான் வெளிய வர்ற. ஒம் பேரச் சொன்னா நாளைக்கி எவன் ஒன்னக் கூப்பிடுவான்?"

வெல்லத்தை மென்றேன்.

அவர் இத்தனை நாள் பொத்தி வைத்த என் பெயர், எழுதியவள் என்று இந்தப் பகுதிக்கு மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.