இருபத்துநான்கு பெயர்கள், இருபத்துமூன்று முடிவுகள்

பொன்னம்மாக்கா ஈரத்துணியைப் பிழிந்து மருதையின் நெற்றியில் போட்டார். காய்ச்சல் நடுக்கத்தில் அது நழுவியது. மறுபடி பிழிந்து போட்டார்.

மொரீஷியஸ் தீவு, 1949ஆம் ஆண்டு. சுயாக் பக்கத்துக் கரும்புத் தோட்ட ஆஸ்பத்திரியில் அவர் ஆயா, நான் நர்ஸ். அக்கா தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர். இருபத்தாறு வயதில் விதவை. எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும். பாலை முகர்ந்து பார்க்காமல் நோயாளிக்குக் கொடுக்க மாட்டார். டாக்டர் தந்த மாத்திரையையும் திருப்பிப் பார்ப்பார்.

மலேரியா சோதனைக்காக வார்டில் இருந்த எல்லாருடைய இரத்தத்தையும் கண்ணாடித் துண்டுகளில் தடவி போர்ட் லூயிசுக்கு அனுப்பியிருந்தோம். கஞ்சிப் பசையில் ஒட்டும் பெயர்ச் சீட்டை எறும்பு தின்றுவிடும். அதனால் சீட்டு ஒட்டுவதையே விட்டுவிட்டோம். பெட்டியில் அடுக்கிய வரிசைதான் அடையாளம். பெயர்ப் பட்டியல் எங்களிடம் இருக்கும். முடிவுகள் அதே வரிசையில் வந்து சேரும்.

அன்று மத்தியானம் நான் ஒரு பெயரை வாசித்தேன், கம்பவுண்டர் க்ளோட் ஒரு முடிவை வாசித்தார். அப்படியே ஒவ்வொன்றாக இறங்கினோம். கோபாலனுக்கு மலேரியா. அடுத்த பெயர் மருதை, ஒன்றுமில்லை. கடைசிப் பெயர் அனி. அதற்கு க்ளோட்டின் தாளில் எதுவுமே இல்லை.

"அவ நேத்தே வீட்டுக்குப் போயிட்டா, விடு," என்றார் க்ளோட், தீவின் கிரியோல் மொழியில்.

வாசலில் நின்ற வயல் மேற்பார்வையாளர் சர்தார் தனராஜ் சிரித்தார். "நான் அப்பவே சொல்லல? கரும்பு வெட்டு வந்தா இந்த மருதைக்குக் குளிரும் வந்துடும். காலைல வயலுக்கு அனுப்புங்க."

பொன்னம்மாக்கா துணியை வைத்துவிட்டு வந்தார். "கோபாலன் கால்ல கத்தி பட்டு வந்தவன். ரெண்டு தட்டு சோறு தின்னான். அவனுக்குக் காய்ச்சலாம், இவனுக்கு இல்லையாம். பெட்டியை அடுக்கினது யாரு?"

"நான்தான் அக்கா. இருபத்துநாலு."

என்னையும் அவர் நம்பவில்லை. இரண்டு தாள்களையும் மேசையில் பரப்பினார். இடது விரல் பெயரில், வலது விரல் முடிவில். இரண்டும் ஒன்றாக ஒவ்வொரு வரியாய் இறங்கின. வலது விரல் தாளின் அடிக்கு வந்துவிட்டது. இடது விரலுக்கு இன்னும் ஒரு வரி மீதி இருந்தது.

"காணாமப் போனது கடைசி ஆளோடதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா, மிஸ்யே? நடுவுல ஒண்ணு உடைஞ்சிருந்தா? அதுக்குக் கீழே எல்லாருக்கும் அடுத்தவன் ரத்தந்தானே வந்து சேர்ந்திருக்கும்?" என்று க்ளோட்டைக் கேட்டார்.

"ஆயாவுக்கு இப்ப டாக்டர் வேலையும் தெரியுமோ?" என்றார் தனராஜ்.

"தெரியாது. நீங்க தெனமும் வயல்ல ஆள் எண்ணுறீங்களே, அது தெரியும்."

பிறகு க்ளோட்டிடம் பேனாவை நீட்டினார். "இவனுக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வயல்ல விழுந்தா, அனுப்பினது யாருன்னு கேப்பாங்க."

க்ளோட் பேனாவை வாங்கவில்லை. மலேரியா மாத்திரைப் புட்டியை எடுத்து என்னிடம் தள்ளினார். தனராஜ் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை மருதை கட்டிலிலேயே கிடந்தான். கோபாலன் உட்பட எல்லாரையும் மறுபடி விரலில் குத்தினேன். மருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்கும் சின்ன அரத்தால் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓர் எண்ணைக் கீறி, பட்டியலில் பெயருக்கு நேராகவும் அதையே எழுதினேன். இருபத்துமூன்று ஆயிற்று. இருபத்துநான்காவது கண்ணாடியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, பொன்னம்மாக்காவும் நானும் அனியின் வீட்டுக்கு நடந்தோம்.