ஜெர்மனி அத்திம்பேரும் கிரேக்கச் சாப்பாடும்

மூன்று வருடத்துக்கு முன்னால், எழுபத்து மூன்றாம் வருடம் ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மாண்ட்ரியலில் நடந்தது இது. நான் இங்கே கணிதம் படிக்க வந்து அப்போது இரண்டாவது வருடம். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு சின்ன அறை. தாளித்தால் வீட்டுக்காரிக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும், மாடியேறி வந்துவிடுவாள். அதனால் வெளியில் சாப்பிட்டே பழகினேன். சைவமாக, வயிறு நிறைய, மாணவியின் உதவித்தொகைக்குள் எங்கே சாப்பிடலாம் என்பதில் இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு நினைப்பு. வெறும் நினைப்பும் இல்லை. புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் என்னைத்தான் வந்து கேட்பார்கள்.

அந்த ஏப்ரலில் என் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ஒரு வாரம் ஊர் சுற்றிப் பார்க்க வந்தார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் எஞ்சினியர். அக்கா பிரசவத்துக்காகச் சென்னையில் அம்மா வீட்டில் இருந்தாள். ஏழாவது மாதம். முதல் தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போனதால், இந்தத் தடவை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா மாப்பிள்ளைக்கு ஒரு பட்டியலே எழுதி அனுப்பியிருந்தாள். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது முடி வெட்டக் கூடாது, கடல் தாண்டக் கூடாது, சாவு விழுந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது.

விமான நிலையத்தில் அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தோளில் புரளும் முடி.

"சிரிக்காதே. கஸ்டம்ஸ்காரன் ஹிப்பின்னு நெனச்சுண்டு பெட்டியைக் குடைஞ்சு எடுத்துட்டான். எஞ்சினியர்னு சொன்னா நம்பலே. எல்லாம் உங்க அம்மா உபயம்."

"முடி சரி. கடல் தாண்டிட்டேளே?"

"எங்கே தாண்டினேன்? மேலேன்னா பறந்தேன். நீ உங்க அம்மாவுக்கு எழுதிண்டிருக்காதே."

வந்த அன்றைக்கே எங்களுக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது. புது ஊரில் நல்ல ஹோட்டலைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு ஜெர்மன் முறை இருந்தது. அங்கே வாசலிலேயே சாப்பாட்டுப் பட்டியலை விலையோடு ஒட்டிவைப்பார்களாம். நாலு வாசல் படித்து, ஐந்தாவதில் நுழைய வேண்டுமாம். "எஞ்சினியரிங் மூளைக்குத்தான் அது புரியும்" என்றார். என் முறை வேறு. பட்டியலைப் படிக்கவே வேண்டாம், உள்ளே போகிறவர்களைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஒரு நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டுச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு எங்கே நுழைகிறார்களோ, அங்கே கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம்.

வெள்ளிக்கிழமை அவர் முறைப்படி நடந்தோம். நகரத்தின் நடுவில் ஒன்பது வாசல் படித்தார். பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஜெர்மன் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு தைரியம். கடைசியில் இரண்டு பேருக்கும் கிடைத்தது கீரைத் தழை, தக்காளித் துண்டு, வினிகர். "ஆடு சாப்பிட வேண்டியதை ஆட்டுக்கும் மேலா விலை போட்டு விக்கறான்" என்று புலம்பிக்கொண்டே சாப்பிட்டார். சனிக்கிழமை என் முறை. யூதர்கள் நடத்தும் பால் உணவகம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். அங்கே மாமிசம் அடுப்படிப் பக்கமே வராது. பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய தோசை மாதிரி ஒன்று, மேலே புளித்த க்ரீம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் வாயைத் திறந்து 'நன்றாயிருக்கிறது' என்று மட்டும் சொல்லவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் பஸ் ஏறினோம். கிரேக்கர்கள் நெருக்கியடித்து வாழும் பேட்டை. நடைபாதை ஓரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரைந்துகொண்டிருந்தது. நான் தேடியது உடனே கண்ணில் பட்டது. நீலப் பலகை போட்ட ஒரு ஹோட்டலுக்குள் நல்ல உடை உடுத்திய குடும்பங்கள் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தன. கறுப்புக் கோட்டுகள். இந்த ஊரில் ஏப்ரல் வரை யார்தான் கறுப்புக் கோட்டு போடவில்லை? கதவில் கையால் எழுதிய ஒரு தாள். கிரேக்க எழுத்து. கணக்குப் படிக்கிறவளுக்குச் சிக்மாவும் தீட்டாவும் தினசரிப் பழக்கம். எழுத்தெல்லாம் தெரிந்தது, அர்த்தம்தான் தெரியவில்லை. அதற்காகத் தயங்குகிற பெண்ணா நான்?

"இன்னிக்கு ஸ்பெஷல் என்னன்னு எழுதியிருக்கா" என்றேன்.

உள்ளே நுழைந்ததுமே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இரண்டு கையாலும் எங்கள் கைகளைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ சொன்னார். நான் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியுமாக "போன்ழூர், மெர்சி" என்றேன். அவர் தலையைக் குனிந்து, நீள மேஜையில் இடம் காட்டினார்.

"ஓனரே வந்து கை குடுக்கறாரே!" என்றார் அத்திம்பேர். "ஸ்டுட்கார்ட்டில மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டான்."

பட்டியல் என்று எதுவும் வரவில்லை. தட்டுதான் வந்தது. ரொட்டி, ஆலிவ் காய், தக்காளிக் குழம்பில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, எலுமிச்சை பிழிந்த கீரை சாதம். மீன் தட்டோடு வந்த பெண்ணிடம் நாங்கள் மீனும் மாமிசமும் சாப்பிடுவதில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அவர்களுக்கும் அது ஈஸ்டருக்கு முந்தைய, மாமிசம் தொடாத விரத காலம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எதிரில் இருந்த பருமனான மனிதர் என்னையும் அத்திம்பேரின் முடியையும் மாறி மாறிப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் ஏதோ சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பேஷ்" என்றார் அத்திம்பேர் மொச்சையை வழித்துக்கொண்டே. "ஒத்துக்கறேன். நன்னாயிருக்கு. நீதான் ஜெயிச்சே."

மூன்று நாளாக நான் காத்திருந்த வார்த்தை. கீரை சாதம் எனக்கு இன்னும் ருசித்தது.

பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் இனிப்பு வந்தது. வேகவைத்த கோதுமை, சர்க்கரை, பாதாம், மாதுளை முத்து. அத்திம்பேர் இரண்டு கரண்டி வாயில் போட்டு, மென்று, கண்ணைச் சுருக்கினார்.

"நம்மாத்து சமையல் மாதிரியே இருக்கே. எள்ளு போட்டிருக்கா, பாரேன்."

எள் என்றதும் என் கரண்டி பாதியில் நின்றது. வெந்த தானியத்தோடு எள் கலந்து அப்பா திவசத்தன்று யாருக்குப் பிண்டம் வைப்பார் என்று எனக்குத் தெரியும். தலையைத் தூக்கினேன். சுவரோரம் ஒரு மேஜை. அதில் மீசை வைத்த ஒருவரின் படம், படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இதே கோதுமை, மேலே பாதாமால் சிலுவை. படத்தின் அருகில் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள். கடை திறந்துதான் இருந்தது, ஆனால் வியாபாரத்துக்கு இல்லை. கதவில் எழுதியிருந்ததும் அதுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கோ பிரெஞ்சு தெரியாது, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து வெளியே போய்விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. இப்போதுதான் ஜெயித்திருக்கிறேன் என்பதும் மனதில் ஓடியது. ஆனால் அக்காவின் முகம் குறுக்கே வந்து நின்றது. அவர் மூன்றாவது கரண்டியைத் தூக்கினார்.

"அத்திம்பேர், வேண்டாம். வைச்சுடுங்கோ."

"ஏன்?"

"திரும்பிப் பாருங்கோ."

திரும்பினார். படத்தையும் விளக்கையும் அந்த அம்மாளையும் பார்த்தார். கரண்டி தட்டில் விழுந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "உங்க அக்காவுக்கு ஏழாம் மாசம்" என்று மட்டும் சொன்னார், எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வது போல. அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை.

நேரே கை குலுக்கியவரிடம் போனேன். இது ஹோட்டல் சாப்பாடு என்று நினைத்து நுழைந்துவிட்டோம், இறந்தவரை எங்களுக்குத் தெரியாது, மன்னியுங்கள் என்று ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து ஒப்பித்தேன். அவர் இறந்தவரின் மகன். புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் கிரேக்க மொழியில் மேஜைக்குச் சொன்னார். எதிரே இருந்த பருமனானவர்தான் முதலில் வெடித்துச் சிரித்து, எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"அப்படியானால் நீங்கள் என் மச்சானோடு கப்பலில் வேலை பார்த்த இந்தியர்கள் இல்லையா? அரை மணி நேரமாக எல்லாரிடமும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! இந்த முடிக்காரரைப் பம்பாயில் நானே பார்த்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேனே!"

மேஜை முழுவதும் சிரித்தது. அந்தக் கறுப்பு உடை அம்மாள் மட்டும் சிரிக்காமல் எழுந்து எங்களிடம் வந்தாள். அத்திம்பேரின் முகத்தைப் பார்த்து மகனிடம் ஏதோ கேட்டாள்.

"சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று அம்மா கேட்கிறாள்."

அதற்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இவர் மனைவி இந்தியாவில் கர்ப்பமாக இருக்கிறாள், முன்பு ஒரு தடவை கலைந்துவிட்டது, குழந்தை பிறக்கும் வரை தகப்பன் சாவு வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வழக்கம் என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே கூசியது. அவர்கள் துக்கத்துக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அதைத் தீட்டு என்றல்லவா சொல்கிறேன்? 'அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்' என்பாள், இல்லையென்றால் 'போங்கள்' என்பாள் என்று நினைத்தேன்.

இரண்டும் சொல்லவில்லை. மகன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. சட்டென்று குனிந்து அத்திம்பேரின் முன்னாலிருந்த கோதுமைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். அடுப்பில் கை வைக்கப்போன குழந்தையைத் தடுக்கிற வேகம். அதைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"இது கடைப் பழம். அப்பாவுக்காக வாங்கியது இல்லை. இதைச் சாப்பிடலாமா என்று கேட்கிறாள்" என்றார் மகன்.

அத்திம்பேர் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார், "அவா ஆத்துக்காரர் பேரைச் சொல்லி அந்தக் கோதுமையைச் சாப்பிடறப்போ என்ன சொல்லணுமாம்? கேளு."

கேட்டேன். 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லிச் சாப்பிடுவார்களாம். அவர் போய் அன்றைக்கு நாற்பதாவது நாளாம், அந்த நாளில் யார் சாப்பிட்டாலும் அது போனவரைச் சேருமாம்.

அத்திம்பேர் எழுந்து நின்று கையை நீட்டினார். "அந்தக் கிண்ணத்தைக் குடுக்கச் சொல்லு."

"அத்திம்பேர், வேண்டாம். அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"உங்க அம்மா பயப்படறது சொந்தப் பொண்ணுக்காக. இந்த அம்மா யாரு எனக்கு? புருஷனைப் பறிகொடுத்த துக்கத்துல நிக்கறா, என் குழந்தைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பதறிண்டு எடுத்துண்டு போறா. இவ கையால சாப்பிட்டா என் குழந்தைக்குக் கெடுதல் வருமா? எனக்குத் தோணலே."

அந்த அம்மாள் கொடுக்க மறுத்தாள். மகன் மூலம் இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கொடுத்தாள். அவர் கிரேக்க வார்த்தைகளை மகன் சொல்லச் சொல்லத் திக்கித் திக்கிச் சொல்லி, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். நானும் சொன்னேன், நானும் சாப்பிட்டேன். அப்போதுதான் அந்த அம்மாள் அழுதாள்.

அறைக்கு வந்ததும் அத்திம்பேர் தலைக்குக் குளித்தார். "அதது அதோட இடத்துல" என்றார். அந்த முடியை அலசி முடிப்பதற்குள் கட்டிடத்து வெந்நீரெல்லாம் தீர்ந்து போய் வீட்டுக்காரி மாடியேறி வந்துவிட்டாள். ஆனால் அவர் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். தூங்காதவள் நான்தான். அடுத்த இரண்டரை மாதமும் சென்னைக் கடிதம் வந்தால் உடனே பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஜூன் கடைசியில் வந்த நீலக் கடிதத்தில், பெண் குழந்தை, ஆறே முக்கால் பவுண்டு, பாட்டம் பாட்டமாக அழுகிறது என்று அம்மா எழுதியிருந்தாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் ஒரு பாட்டம் அழுதேன்.

அந்த ஹோட்டலுக்குப் பிறகு இரண்டு தடவை சாதாரண நாளில் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாடு சுமார்தான். இன்றும் இந்த ஊரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் ஒரு மூச்சில் பத்து இடம் சொல்வேன், அதில் என் கெட்டிக்காரத்தனம் குறையவில்லை. ஆனால் ஒரு பாவமும் அறியாத அந்தக் கிண்ணத்தை, எங்கள் பயத்துக்கு மரியாதை கொடுத்து அவள் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனாளே, அதை நினைக்கும்போதெல்லாம், அடுத்தவர் நம்பிக்கையை நான் என்றைக்காவது அத்தனை பதற்றத்தோடு காப்பாற்றியிருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.