இட்டலிக்குச் சட்னி இல்லாத மாதம்

“11.01.2025, சனி. காலை இட்டலி. தேங்காய் கிடைக்கவில்லை, ஆகவே சட்னி இல்லை. மருமகன் ஒன்றோடு எழுந்துவிட்டார்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. இலங்கை முழுக்கத் தேங்காய்க்குத் தட்டுப்பாடாயிருந்த காலம். கல்முனைச் சந்தைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வந்தது முடிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மருமகனும் முந்தின வருடம் சாய்ந்தமருதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் சென்னையில் படித்தவர் என்பதால், என் மனைவி வீடியோ பார்த்து இட்டலியும் தேங்காய்ச் சட்னியும் பழகி, சனிக்கிழமைதோறும் செய்துவந்தாள். மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவருக்குப் பிடித்ததா இல்லையா என்பதை, சாப்பிட்டு வைத்த பீங்கானைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். சட்னியை அவர் எப்போதும் முதலில் முடித்துவிடுவார். உடனே மகளிடம் இன்னும் கொடுத்து அனுப்புவாள்.

அன்று அந்தப் பீங்கானைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“ஒண்டே ஒண்டுதான் திண்டிருக்கார். கொழும்பு வேலைக்கு ஓம் எண்டு சொல்லிட்டாரெண்டா, மறுகா புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிருவார்.”

“சட்னிக்காகவா ஒருத்தர் ஊரை விட்டுப் போவார்?”

“உங்களுக்கென்ன, எதைக் குடுத்தாலும் பேப்பர் பாத்துக்கிட்டே திம்பீங்க.”

கொழும்பில் ஒரு கம்பனி மருமகனை வேலைக்கு அழைத்திருந்தது. பிப்ரவரி முடிவதற்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். மனைவியின் தூக்கம் அதில்தான் போயிருந்தது.

எனக்கு வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. இட்டலியின் பக்கத்தில் சட்னி என்ன வேலை செய்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் அந்த வேலைக்கு வேறொன்றைப் போடலாம் அல்லவா? வீட்டிலிருந்த சமையல் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாம் ‘தேங்காயைத் துருவிக்கொள்ளவும்’ என்றே தொடங்கின.

அடுத்த சனிக்கிழமை எருமைத் தயிரில் மாங்காயும் பச்சை மிளகாயும் அரைத்தாள். புளிப்பும் உறைப்பும் இருந்தன. ஆனால் இட்டலி தயிரை உறிஞ்சிக் குழைந்துபோனது. அதற்கடுத்த வாரம் விளாம்பழத்தைச் சின்ன வெங்காயத்தோடு இடித்தாள். வாசம் நன்றாக இருந்தது. நிறத்தைப் பார்த்துவிட்டு மருமகன் கொஞ்ச நேரம் கையை வைக்கவில்லை என்று மகள் வந்து சொன்னாள். நானும் தின்று பார்த்தேன். மிளகாயின் எரிவு நாக்கில் தனியாக நின்றது. அப்போதுதான் விளங்கியது: தேங்காயின் கொழுப்புதான் அந்த எரிவை அடக்கிவந்திருக்கிறது. அதுவும் வேண்டும், தயிரைப் போல ஓடவும் கூடாது.

மாலையில் கடற்கரை வீதி வண்டியில் கச்சான் வாங்கினேன். நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒன்றை மென்றதும் நான் தேடிய கொழுப்பு நாக்கில் தட்டியது; காகிதச் சுருளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வறுத்த கச்சானோடு காய்ந்த செத்தல் மிளகாய், உள்ளிப்பூண்டு, கொஞ்சம் புளி. முதல் தடவை உப்புக் கரித்தது. வண்டிக்காரர் ஏற்கெனவே உப்பில் வறுத்திருந்ததை இருவருமே மறந்துபோனோம். இரண்டாம் தடவை உப்பே போடாமல் அரைத்தாள்.

சனிக்கிழமை முன்னறையில் இட்டலி வைத்தாயிற்று. மனைவி அடுக்களை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் நின்றாள். திடீரென்று மருமகன் சீலையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“மாமி, இது நல்லா இரிக்கு. தேங்காய் வந்தாலும் இதையே அரைங்க.”

மனைவி திகைத்து என்னைப் பார்த்தாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“உம்மா, அவருக்குத் தேங்காய்ச் சட்னியே புடிக்காது. சென்னை ஹாஸ்டல்ல தினமும் அதத்தான் ஊத்தினாங்களாம். முதல்ல அத முடிச்சிட்டா மிச்சத்த நிம்மதியாத் திங்கலாமெண்டு பாத்திருக்கார். நீங்க விட்டாத்தானே!”

“நீ ஏன் புள்ள சொல்லல்ல?”

“மாமி ஆசையாச் செய்றாங்க, சொல்லாத எண்டார்.”

“அப்ப அண்டைக்கு ஏன் ஒண்டோட எழும்பினார்?”

“அண்டைக்கு வயித்து வலி.”

மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் கேட்கும்படியாகவே மகளிடம் சொன்னாள்: “இன்னும் ரெண்டு இட்டலி போடச் சொல்லு. கச்சானும் இரிக்கு.”

பிப்ரவரி முடிவதற்குள் மருமகன் கொழும்புக்கு வரவில்லையென்று எழுதிவிட்டார். கச்சான்தான் காரணம் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டாள். சம்பளம் போதாது என்கிறாள் மகள். உண்மைக் காரணம் எதுவென்று அவரிடம் நான் நேரில் கேட்கவில்லை, இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.