தூக்கில் வந்த வண்டல்

என் ஆய்வக மேசையில் மூடி நசுங்கிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது. அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அது சூளைக்கார அண்ணனுடையது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளைக்குத் தீ போட்டுக்கொண்டிருந்தவர் அவர். விறகுச் செலவை மிச்சம் பிடிக்க, சாக்கடை வண்டலைக் காயவைத்து அங்கே எரிக்கிறார்கள் என்று புகார். பொம்மைக்கு வர்ணம் பூசும் பெண்கள் இருமி இருமி ஓய்ந்திருந்தார்கள். அண்ணனின் மனைவியும் அவர்களில் ஒருவர். புகையில் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்கள் ஆய்வகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் போன அன்று பார்த்து, சூளையில் நல்ல சவுக்கு விறகு எரிந்தது. வண்டலை எங்கேயோ ஒளித்துவிட்டார்கள். புகையை இழுக்கும் பம்பு காலையிலிருந்து ஓடியும், அதில் வைத்த வெள்ளை வடிதாள் லேசாகத்தான் பழுத்திருந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல். மேஸ்திரி சாப்பிடப் போனதும் அண்ணன் தன் தூக்கைத் திறந்தார். சோறு இல்லை; கறுத்த வண்டல் கட்டிகள்.

“தெனம் எரிக்கிறது இதத்தாங்க மேடம். மிஷின நிறுத்திடாதீங்க,” என்று சொல்லி அவற்றைச் சூளைக்குள் போட்டார். புதிதாக மாற்றிய வடிதாள் கண்ணெதிரே கறுத்தது. என் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

ஆய்வில் ஈயமும் காட்மியமும் வந்தன. வண்டல் எரிப்பது நின்றது. ஆனால் நான் படித்த படிப்பு சும்மா இருக்குமா? மாதிரி எடுத்த குறிப்பில், எத்தனை மணிக்கு யார் எதைப் போட்டார் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தேன். ‘சூளைக்காரர், தன் தூக்கிலிருந்து.’ அதன் நகல் முதலாளிக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி அவர் வேலைக்கு உலை வைக்கும் என்றுதான் தோன்றவில்லை. அடுத்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் அழுதது நான்தான்.

“எழுதாம வுட்டிருந்தா, கட்டி எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டு எல்லாத்தையும் பொய்யின்னு தள்ளியிருப்பாங்க. வுடுங்க மேடம்,” என்றார் அண்ணன். அவர் மனைவி இருமல் வராமல் சிரித்தார். “இந்தத் தூக்க நீங்களே எடுத்துட்டுப் போங்க. எவ்ளோ புளி போட்டுத் தேச்சாலும் நாத்தம் போவல.”

அண்ணன் இப்போது பெண்ணாடம் பக்கம் கரும்பு லோடு ஏற்றப் போகிறார். தூக்கின் நாற்றம் எப்போதோ போய்விட்டது. திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பெண் அதை எடுத்துப் பார்த்து, “இது எந்த சேம்பிள் மேடம்?” என்று கேட்டாள்.

“ஒருத்தரோட மதியச் சாப்பாடு,” என்றேன்.