காணாமல் போகும் ஹெக்சேன்

லேப் மெஷின் ரிப்பேர்காரனை யாரும் நல்ல நாளில் கூப்பிடுவதில்லை. மெஷின் ஒழுங்காக ஓடும்போது நம் நம்பரே அவர்கள் போனில் இருக்காது. நின்றுபோனால், நாமே போய் உடைத்துவிட்டு வந்த மாதிரி பேசுவார்கள். தோளில் டூல் பேக்கை மாட்டிக்கொண்டு அடுத்தவன் ஆபீஸ் வாசலில் விசிட்டர் பாஸுக்கு நின்று பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் நான் பார்ப்பது கொழுப்பு அளக்கும் மெஷின்கள். முறுக்கோ, மீன் உருண்டையோ, பூனைத் தீனியோ, பொடித்து உள்ளே வைத்தால் போதும். ஹெக்சேன் என்ற திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து, பொடியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டு, கொழுப்பைக் கரைத்து எடுத்துவிடும். கடைசியில் கொழுப்பு கிண்ணத்தில் நிற்கும், ஹெக்சேன் தொட்டிக்குத் திரும்பிவிடும். எல்லாம் ஆட்டோமேட்டிக். ஹெக்சேன் பெட்ரோலுக்குப் பங்காளி, வாடையிலேயே தெரிந்துவிடும். இனி வருவதெல்லாம் செம்பவாங் பக்கம் ஒரு லேபில் நான் பட்டது.

திருடன் யார்?

மேனேஜர் சேகர் போன் செய்தார். மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறதாம். ஆனால் ஊற்றுகிற ஹெக்சேனில் பாதிகூடத் திரும்பி வருவதில்லையாம், புது பாட்டில் வாங்கி மாளவில்லையாம். கிளீனிங் ஆட்கள் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். ஹெக்சேனைத் திருடிக்கொண்டு போய் ரசமா வைக்கப்போகிறார்கள்? டூல் பேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கதவைத் திறந்ததும் பெட்ரோல் பங்கில் நுழைந்த மாதிரி குப்பென்று அடித்தது. ஜன்னல் இல்லாத அறை. ஏர்கான் உள்ளே இருந்த காற்றையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. அதன் நடுவில் கலா அக்கா நிம்மதியாக உட்கார்ந்து கிண்ணங்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். மெஷினை ஓட்டுவது அவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீடு மார்சிலிங்கில், அந்த லேபில் பல வருஷ சர்வீஸ். இந்த நாற்றத்தில் எப்படி அக்கா உட்கார்ந்திருக்கீங்க என்று கேட்டேன். அவர் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு தினுசாகப் பார்த்தார்.

"என்ன நாத்தம் தம்பி? எனக்கு ஒண்ணும் வரலையே."

கண்ணாடிக் கூண்டு

திருடன் மெஷினுக்குள்ளேயே இருந்தான். கிண்ணமும் மேல்குழாயும் சேருகிற இடத்தில் இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து விறைத்துப்போயிருந்தன. சுடச்சுட ஆவி அந்த இடுக்கு வழியாக அறைக்குள் வந்துகொண்டிருந்தது. வளையம் கெட்டுப்போவது சகஜம், எந்த மெஷினிலும் கெடும். அதற்காகத்தான், ஆவியை உறிஞ்சி மொட்டைமாடிக்குத் தள்ளுகிற கண்ணாடிக் கூண்டுக்குள் இதை வைக்கச் சொல்வது. அந்த அறையிலும் கூண்டு இருந்தது. அதற்குள் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மெஷின் வெளியே மேஜையில், அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தது.

வளையங்களை மாற்றிவிட்டு நேராகச் சேகரிடம் போனேன். மெஷினைக் கூண்டுக்குள் வையுங்கள், நாள்பட முகர்ந்தால் இது கை கால் நரம்பைத் தின்றுவிடும் என்றேன். அந்த மனுஷனுக்குக் கோபமாவது வந்திருக்கலாம். புன்னகையோடு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்க சேல்ஸ் ஆளுதான் லா சொன்னாரு, எல்லாம் மூடின சிஸ்டம், காப்பி மெஷின் மாதிரி எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம்னு."

சேல்ஸ் ஆள்

ஆபீஸுக்கு வந்து அந்த சேல்ஸ் ஆளைப் பிடித்து உலுக்கினேன். கூண்டில் இடமில்லை என்று கஸ்டமர் யோசித்தார், ஆர்டர் கைவிட்டுப் போயிடும்போல இருந்தது, அதனால் சொன்னேன் என்றான். இப்போது போய் மாற்றிச் சொல்லு என்றால், காப்பி குடிக்கப் போய்விட்டான். பாஸிடம் போனேன். அடுத்த வருஷ சர்வீஸ் கான்ட்ராக்ட் கையெழுத்தாகிற நேரத்தில் கஸ்டமரைப் பயமுறுத்தாதே என்று அவர் எனக்குப் புத்தி சொன்னார். வளையம் திரும்பவும் காயும், ஆவி திரும்பவும் வரும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"ஹெக்சேன் காணோம்னு கூப்பிட்டாங்க, லீக்க நிறுத்திட்ட. அதோட உன் வேலை முடிஞ்சுது."

ஒற்றைச் செருப்பு

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உச்சி வெயில், ஒரே ஜனம். எனக்கு முன்னால் கலா அக்கா பையோடு போய்க்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொரு கால் வெறுங்கால். கொதிக்கிற தார் ரோட்டில் அந்தக் காலையும் மற்றக் காலைப் போலவே நிதானமாக வைத்து நடந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய் நிறுத்திச் சொன்னேன். குனிந்து பார்த்து அவரே திகைத்துப் போனார். செருப்பு பூக்கடை ஓரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், உள்ளங்காலில் கொப்புளம். வலிக்கவில்லையா என்றேன், இல்லை என்றார். டீக்கடையில் உட்காரவைத்தேன். பால் சீனி எதுவும் இல்லாத டீ வேண்டும் என்றார். அக்கா, இது அந்த ஹெக்சேன் வேலையாக இருக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். கையை வீசித் தள்ளிவிட்டார்.

"சுகருதான் தம்பி. எங்க குடும்பத்துல யாருக்கு இல்ல சொல்லு?"

பாவக்காய் ஜூஸ்

நம்மவர்களுக்குக் கால் மரத்தால் சுகர், கை மரத்தாலும் சுகர். வீட்டில் ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். காலையில் பாவக்காய் ஜூஸ், ராத்திரி வெந்தயத் தண்ணீர். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சுகர் துளிகூட இல்லை. அந்த கிளினிக் மெஷின் சரியில்லை, வேறு கிளினிக்கில் பார் என்றார்களாம் வீட்டில். அடுத்த தடவை நான் சர்வீஸுக்குப் போனபோது வளையம் மறுபடி விறைத்திருந்தது. என் கண்ணெதிரே அக்கா ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டார். இடுக்கி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றார்.

டாக்டரிடம் என்ன வேலை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் கம்பெனிக்கு எழுதிவிடுவார், இந்த வயதில் வேறு யார் வேலை கொடுப்பார், மகன் படிப்பு முடியவில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கை போனபிறகு மட்டும் யார் கொடுப்பார் என்று கத்திவிட்டேன். அன்றைக்கு மெஷினின் ஃபியூஸைப் பிடுங்கி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பார்ட்ஸ் வரவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே அக்கா நரம்பு டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெளியே வந்து எனக்குத்தான் முதலில் போன் செய்தார்.

"நரம்பு திரும்பி வரும், எவ்வளவு வரும்னு சொல்ல முடியாதாம் தம்பி. இன்னும் ஒரு நாள்கூட அந்த ரூம்ல உக்காரக் கூடாதாம்."

நூற்றுக்கு நூறு

வேலையால் வந்த நோய் என்றால் டாக்டர் அரசாங்கத்துக்கு எழுதியாக வேண்டும், எழுதினார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அத்தனை நாள் இடமில்லாத கூண்டிலிருந்து அட்டைப்பெட்டிகள் ஒரே காலையில் காலியாயின. மெஷினை உள்ளே தூக்கி வைத்து, எல்லா வளையமும் புதிதாகப் போட்டு, ஓட்டிக் காட்டினேன்.

அக்காவை வாசல் மேஜைக்கு மாற்றியிருந்தார்கள். வருகிற சாம்பிளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பக்கத்தில் கைத்தடி சாய்த்து வைத்திருந்தது. ஸ்டிக்கரின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாமல், நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். நான் உரித்துக் கொடுக்கக் கை நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து சேகர் சிரித்த முகமாக வந்து, ஊற்றின ஹெக்சேன் அப்படியே திரும்பி வருகிறது, சூப்பர் சர்வீஸ் என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அக்கா சுரண்டுவதை நிறுத்தினார்.

"அப்ப இத்தனை நாளா காணாமப் போனதெல்லாம் எனக்குள்ளதான் தம்பி போயிருக்கு?"

முறுக்கில் இருக்கிற கொழுப்பை எங்கள் மெஷின் துல்லியமாக அளந்து சொல்லிவிடும், மனுஷனுக்கு இருக்கிற கொழுப்பை அளக்கத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் மெஷின் கொண்டுவரவில்லை.